ஆக்சிலரேட்டர் பெடல் சென்சார் பழுதை எப்படிக் கண்டறிவது?

பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறோம் என்பதை மின்னழுத்தமாக இன்ஜின் கணினிக்குச் சொல்வதுதான் இந்தச் சென்சார். ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் வைத்ததைப் போல, உள்ளே பொதுவாக இரண்டு சென்சார்கள் இருக்கும். கணக்குகள் ஒத்துப்போகாவிட்டால் கணினி இரண்டையும் நம்பாது. பாதுகாப்புக்காக இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடும்.

காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி2138 என்ற குறியீடு வந்தால் பெரும்பாலும் இந்த முரண்பாடுதான். இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மிக மெதுவாக மிதித்தபடி ஸ்கேனரில் இரு சென்சார்களின் மின்னழுத்த அளவுகளையும் கவனியுங்கள். பல கார்களில் ஒன்று மற்றதில் பாதியாக இருக்கும்: 0.8 வோல்ட்டுக்கு 0.4. இரண்டும் சீராக ஏற வேண்டும். நடுவில் துள்ளினால் கோளாறு. அப்போதும் பெடலை மாற்றும் முன் கனெக்டரைக் கழற்றிப் பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று அவசியம் பாருங்கள்.

குறியீட்டை அழித்ததும் பழுது நீங்கிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அணைவது எச்சரிக்கை விளக்கு மட்டுமே.