மறுமொழி: இடிபட்டுச் சரிசெய்த பிறகு டர்போ இழுக்கவில்லை

வணக்கம். முன்பக்கம் இடிபட்டு பம்பர், ரேடியேட்டர், இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைப்பது) மாற்றியபின் பிஐஇ விரைவுச்சாலையில் வண்டி இழுக்கவே மாட்டேன் என்கிறது, பட்டறையில் டர்போ (எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) போய்விட்டது என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து டர்போ மாற்ற இப்போதே சம்மதிக்காதீர்கள். இடிக்கு முதல் நாள் வரை நன்றாக ஓடிய டர்போ அது.

இன்டர்கூலரை மாற்ற இருபக்க ஹோஸையும் கழற்றித்தான் ஆகவேண்டும். திரும்ப மாட்டும்போது கிளிப் உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனால் உள்ளே ரப்பர் வளையம் மடிந்திருக்கும். ஐடிலில் ஒன்றும் தெரியாது. மிதித்து அழுத்தம் ஏறும்போதுதான் உஸ்ஸென்று காற்று வெளியேறும். டார்ச் அடித்து இணைப்புகளைப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு கசிந்திருந்தால் முதலில் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் சொருகி அளவுகளைப் படிக்கும் கருவி) இருந்தால் மேப் சென்சார், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார், காட்டும் அளவைப் பாருங்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டால் ஏறக்குறைய 100 கிலோபாஸ்கல் காட்டும், அது வெறும் வெளிக்காற்றின் அழுத்தம். முழுதாக மிதித்தும் (பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்) அதே 100-ஐத் தாண்டவில்லையென்றால் டர்போ அழுத்தம் எஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. ஸ்கேனரில் பி0299 என்ற பிழைக் கோடு வந்தாலும் அழுத்தம் குறைவு என்றுதான் பொருள், டர்போ செத்துவிட்டது என்றல்ல.

அதே பட்டறையில் புகை விட்டுக் கசிவு பார்க்கச் சொல்லுங்கள். கசிவு இல்லையா, சரி, அப்புறம் வேஸ்ட்கேட்டுக்கு (டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) போகும் சின்ன வேக்குவம் குழாய், சென்சார் பிளக். டர்போவைக் கடைசியில் பார்க்கலாம். இன்சூரன்ஸ் கிளெய்மில் செய்த வேலை என்றால் புகாரை எழுத்தில் கொடுங்கள்.