1940, 50களில் சுவிஸ் நாட்டுச் சின்னப் பிள்ளைகள் பாடசாலைக்கு என்ன உடுத்திக்கொண்டு போனார்கள்?

சீருடை இருந்ததா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. அங்கே அரசாங்கப் பாடசாலைகளில் இன்றும் இல்லை. 2006இல் பாசல் நகரில் ஒரு பாடசாலை முயன்று பார்த்தது, நிலைக்கவில்லை.

நான் பேர்ண் பக்கம் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறேன். அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இப்போது அங்கே இருப்பவர்கள். உடுப்புப் பேச்சு வந்தால் முதலில் சொல்வது கம்பளிக் காலுறையைப் பற்றித்தான். தொடைவரை வரும், வீட்டில் பின்னியது, கடுமையாகக் கடிக்கும். அது கீழே வழுகாமல் இருக்க, உடம்போடு ஒட்டிய துணிக்கச்சு ஒன்றை உள்ளே போடுவார்கள். அதிலிருந்து தொங்கும் இலாஸ்டிக் பட்டியைக் காலுறையின் மேல்விளிம்பில் கொழுவ வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பையன்களுக்கும் அதேதான். பையன்கள் பனிக்காலத்திலும் அரைக் காற்சட்டைதான். காற்சட்டைக்கும் காலுறைக்கும் நடுவே தொடையில் கொஞ்ச இடம் வெறுமையாகக் கிடக்கும், குளிர் அங்கேதான் பிடிக்கும். ஓடி விளையாடும்போது பட்டி கழன்றால் அந்த வெட்கம் வேறு. வசந்தம் வந்து, "இனி அரைக் காலுறை போடலாம்" என்று அம்மா சொல்லும் நாளுக்காகக் காத்திருந்ததை இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள்.

பெண்பிள்ளைகள் சட்டைக்கு மேல் கட்டாயம் ஏப்ரன் கட்டினார்கள். அது அழகுக்கு இல்லை. உடுப்புத் தோய்ப்பது வீட்டையே புரட்டிப்போடும் வேலை. ஒரு சட்டை வாரம் முழுக்கத் தாங்க வேண்டும், ஏப்ரனை மட்டும் மாற்றினால் போதும். இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ பக்கம் பையன்களும் உடுப்புக்கு மேல் அங்கி போட்டார்கள்.

சப்பாத்து என்றால் அடியில் இரும்பாணி அடித்த கனத்த தோல் சப்பாத்து. ஆணி இருந்தால் தோல் தேயாது, பனிக்கட்டியிலும் வழுக்காது. கிராமத்துப் பிள்ளைகள் பலர் கோடையில் வெறுங்காலோடுதான் போனார்கள், சப்பாத்தை மிச்சம் பிடிக்க. முதுகில் தோல் பை. பையன்களின் பை மூடியில் மாட்டுத்தோல் மயிரோடு இருக்கும், பெண்பிள்ளைகளின் பையில் வெறும் தோல்.

போர்க்காலத்தில் துணி, சப்பாத்து, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் பங்கீட்டு அட்டை. அண்ணனின் கோட்டு தம்பிக்கு, அக்காவின் சட்டை தங்கைக்கு. பழைய பின்னலைப் பிரித்து அதே நூலில் மறுபடி பின்னினார்கள்.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் தாய் தகப்பன் இல்லாதவர்களையும் அதிகாரிகள் பண்ணை வீடுகளில் வேலைக்கு விட்டுவிடுவார்கள். வகுப்பில் அவர்களை உடுப்பை வைத்தே கண்டுபிடிக்கலாம்: அளவில்லாத பழைய சட்டை, மாட்டுத்தொழுவ வாசம், அதற்காகவே மற்றப் பிள்ளைகளின் கேலி. 2013இல் அமைச்சர் சிமொனெத்தா சொமருகா அரசாங்கத்தின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். எத்தனை பேர் அதைக் கேட்க உயிரோடு இருக்கவில்லை என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

60களில்தான் எல்லாம் மாறியது. வாட்வில் ஊர் ஆலையொன்று உருவாக்கிய 'ஹெலாங்கா' என்ற இழுபடும் நைலோன் நூல் பரவி, இடுப்புவரை வரும் ஒரே காலுறை வந்தது. கச்சும் பட்டியும் போயின. ஆனால் பெண்பிள்ளை காற்சட்டையோடு வகுப்புக்கு வருவதைப் பல ஆசிரியர்கள் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. கடும் குளிரில் பனிச்சறுக்குக் காற்சட்டை போட்டாலும், அதற்கு மேல் ஒரு பாவாடை இருக்கத்தான் வேண்டும்.