பி.எஸ்./எம்.டி. நேர்காணலுக்கு மகளை எப்படித் தயார் செய்வது?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். பன்னிரண்டாவது படிக்கும் மகளுக்கு இரண்டு பி.எஸ்./எம்.டி. படிப்புகளிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்திருக்கிறது. மூன்று வாரம்தான் இருக்கிறது. காசு கட்டிப் பயிற்சியில் சேர்க்கலாமா? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் மகளுக்கு வாழ்த்துகள். அழைப்பு வந்துவிட்டதென்றால் மதிப்பெண், எஸ்.ஏ.டி. கதையெல்லாம் ஏறக்குறைய முடிந்தது என்று அர்த்தம், இனி அதைப் பேசிப் பேசி அவளைப் படுத்தாதீர்கள். நான் டாக்டரும் இல்லை, ஆலோசகரும் இல்லை. மூன்று வருடம் முன்னால் என் மகனோடு இதே மூன்று வாரத்தைக் கடந்து வந்த ஒரு அம்மா, அவ்வளவுதான். அதில் முதல் இரண்டு வாரம் நான் செய்தது அத்தனையும் தப்பு, அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

இந்தப் படிப்பைப் பற்றித் தெரியாமல் இந்தப் பதிலை வாசிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவில் நம் ஊர் மாதிரி பன்னிரண்டாவது முடித்ததும் நேரே எம்.பி.பி.எஸ். கிடையாது. நாலு வருடம் கல்லூரி, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, அப்புறம் நாலு வருடம் மருத்துவக் கல்லூரி. பி.எஸ்./எம்.டி. என்பது இரண்டுக்குமான இடத்தையும் பள்ளி முடிக்கும்போதே சேர்த்துக் கொடுத்துவிடுவது. பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பி.எல்.எம்.இ. என்ற படிப்பு எட்டு வருடம், எம்கேட் வேண்டாம். மிசோரி கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஆறே வருடம், 1971இலிருந்து நடக்கிறது. மற்றவை பெரும்பாலும் ஏழோ எட்டோ. பல இடங்களில் வருடத்துக்குப் பத்து இருபது பேரைத்தான் எடுக்கிறார்கள், நியூஜெர்சியில் நம் ஆட்கள் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் அதற்கு விண்ணப்பிக்கிறார்களோ என்று தோன்றும்.

நம்மைப் போன்ற பெற்றோருக்கு இதில் ஒரு தனிக் கோளாறு உண்டு. நாம் வந்தது கட் ஆஃப், ரேங்க், கவுன்சிலிங் என்ற உலகத்திலிருந்து. மருத்துவ சீட்டுக்கு யாரும் நம்மை உட்காரவைத்து “ஏன் டாக்டர் ஆகணும்?” என்று கேட்டதில்லை, மார்க் இருந்தால் சீட், இல்லாவிட்டால் இல்லை. அதனால் நேர்காணலையும் இன்னொரு பரீட்சையாகத்தான் பார்க்கிறோம், பாடம் இருக்கும், விடை இருக்கும், உருப்போட்டால் ஆயிற்று என்று. நானும் அப்படித்தான் இறங்கினேன். ஐம்பது கேள்விகள் திரட்டினேன். காசு கட்டி மூன்று அமர்வு பயிற்சி. அவர்கள் எழுதிக் கொடுத்த “ஏன் மருத்துவம்” பதிலில் கருணை என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல் நாலு தடவை வந்தது. தினம் ராத்திரி சாப்பாட்டு மேசையில் நான் கேள்வி கேட்பேன், அவன் ஒப்பிப்பான், நான் நேரம் பார்ப்பேன். ஒன்றரை நிமிடத்தில் முடித்தால் ‘சபாஷ்’.

முதல் நேர்காணல் (கல்லூரிப் பெயர் வேண்டாமே) பதினாலு நிமிடம் நன்றாகத்தான் போயிற்றாம். அப்புறம் நேர்காணல் செய்த அம்மா, “பள்ளிக்காக இல்லாமல் கடைசியாக என்ன படித்தாய்?” என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். எங்கள் பட்டியலில் அதற்கும் விடை தயார், ஒரு டாக்டர் எழுதிய பிரபலமான புத்தகம். இவன் படித்தது அதன் விமர்சனத்தை மட்டும். “அதில் உனக்கு ஒப்புக்கொள்ள முடியாத இடம் எது?” என்றாராம் அடுத்து. அவ்வளவுதான். உண்மையில் அந்த மாதம் முழுக்க அவன் படித்துக்கொண்டிருந்தது சதுரங்கப் புத்தகம், அதைச் சொல்லியிருந்தால் அரைமணி நேரம் கண் மின்னப் பேசியிருப்பான். அதைச் சொல்லாதே என்றது யார்? நான்தான்.

அந்த இடம் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அன்று சாயங்காலம் அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த ஐம்பது கேள்வித் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது நேர்காணலுக்கு எட்டு நாள். அந்த வாரம் என் மாமியார் ஸ்ரீரங்கத்திலிருந்து வீடியோவில் வந்தார். இவன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “ஏன்டா கண்ணா, டாக்டருக்குத்தான் படிக்கணும்னு உனக்கு யார் சொன்னா?” என்றார். ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் கருணைச் சொல் நாலு தடவை வந்திருக்கும். தமிழில் அவனுக்கு அந்த வசதி இல்லை, அவன் தமிழ் சாப்பாடு, தூக்கம், சண்டை அளவுதான். தடுமாறித் தடுமாறி, “உங்க மாத்திரை விஷயம்தான் பாட்டி” என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

விஷயம் இதுதான். அதற்கு முந்தின வருடம் அத்தை ஆறு மாதம் எங்களோடு இருந்தார். பயணக் காப்பீட்டில் பழைய நோய்கள் சேராது, அதனால் பிரஷர் மாத்திரையை ஊரிலிருந்தே கணக்குப் பண்ணிக் கொண்டுவந்திருந்தார். திரும்பும் தேதி தள்ளிப்போனது. ஒருநாள் தலை கிறுகிறுவென்று வருகிறது என்றதும், நான் வேலையில் இருந்ததால், பதினாறு வயதுப் பையன் பாட்டியைப் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனான். மொழிபெயர்ப்பும் அவனே. “மாத்திரை தினமும் போடுகிறாரா?” என்று டாக்டர் கேட்க, பாட்டி “ஆமா” என்றார், இவன் ‘யெஸ்’ என்றான். ராத்திரி என்னிடம்தான் அத்தை மெல்லச் சொன்னார், ஸ்டாக் தீர்ந்துவிடுமே என்று மூன்று வாரமாக ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி மாத்திரை. நமக்குச் செலவு வைக்கக் கூடாதாம். பக்கத்து அறையிலிருந்து இவனுக்கும் கேட்டிருக்கிறது. “நான் தப்பா சொல்லிட்டேனா அம்மா?” என்று அன்று கேட்டான், “நீ என்னடா பண்ணுவ, போய்த் தூங்கு” என்று அனுப்பிவிட்டேன். ஒரு வருடமாக அது அவனுக்குள் இருந்திருக்கிறது. அவன் விண்ணப்பத்தில் நூற்றைம்பது மணி நேரம் மருத்துவமனைத் தொண்டு, ஆய்வகம், மாணவர் மன்றம் எல்லாம் இருந்தன. இது மட்டும் இல்லை. இது ஒரு ‘ஆக்டிவிட்டி’ இல்லையாம்.

இரண்டாவது நேர்காணலில் வயதான ஒரு குழந்தை மருத்துவர். இவன் இதைச் சொன்னதும் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். பாராட்டவில்லை, நேரே ஒரு கேள்வி போட்டார்: “உன்னை மொழிபெயர்க்க விட்டதே சரியா?” நல்லவேளையாக இவன் அதற்குள் கொஞ்சம் தேடிப் படித்திருந்தான். ஒபாமா காலச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த விதிப்படி, அரசுப் பணம் பெறும் இடங்கள் அவசர நிலை தவிர மற்ற நேரங்களில் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. அதைச் சொன்னான். “சரி, தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால் பாட்டி உண்மையைச் சொல்லியிருப்பாரா?” என்றார் அடுத்து. “பேரன் முன்னால் சொல்ல வெட்கம், அது போயிருக்கும், ஆனால் முகம் தெரியாதவரிடம் வீட்டுக் காசு விஷயம் பேசவும் மாட்டார், அதனால் ‘போடுகிறீர்களா’ என்று கேட்டதுதான் பிரச்சினையோ, ‘எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது’ என்று கேட்டிருக்கலாமோ” என்று இவன் யோசித்து யோசித்துச் சொல்லியிருக்கிறான். அதிலேயே இருபது நிமிடம் போயிற்று. இதை எந்தப் பயிற்சி வகுப்பாலும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் நேரடிப் பதில், பயிற்சிக்குக் காசு கட்டாதீர்கள். மகளிடம் தமிழில் கேளுங்கள். நீங்கள் கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வாள், தாத்தாவோ சித்தியோ கேட்கட்டும். அவள் செய்த ஆய்வையும் தமிழிலேயே இரண்டு நிமிடத்தில் பாட்டிக்கு விளக்கச் சொல்லுங்கள். பெரிய பெரிய கலைச்சொற்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாதபோது, எது புரிந்தது, எது புரியாமலே எழுதியது என்று அவளுக்கே தெரிந்துவிடும். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரியிலிருந்தும் கேள்வி வரலாம், அதை மட்டும் இரண்டு முறை படித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இரண்டு இடத்தில் ஒன்று எம்.எம்.ஐ. முறையாக இருக்கலாம், அழைப்புக் கடிதத்தில் போட்டிருப்பார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான முறை இது, 2004இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரே ஆளிடம் ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில், பத்து அறை, பத்து ஆள், அறைக்கு எட்டு நிமிடம், நடுவில் இரண்டு நிமிடம். ஒருவருக்கு உங்களைப் பிடிக்காமல் போனாலும் மிச்சம் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்பதுதான் இதன் சூட்சுமம். எண்ணிக்கையும் நேரமும் இடத்துக்கு இடம் மாறும். கதவில் ஒரு சிக்கல் ஒட்டியிருக்கும், படித்துவிட்டு உள்ளே போய்ப் பேச வேண்டும். வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தோம். “உன் ஆய்வகத் தோழி எண்களை மாற்றி எழுதுவதைப் பார்க்கிறாய், என்ன செய்வாய்?” இவன் “பேராசிரியரிடம் சொல்வேன்” என்றான். இருபது விநாடி. மிச்சம் ஏழு நிமிடம் நாற்பது விநாடி இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் பார்த்தது சரிதானா, அவளிடம் முதலில் கேட்டேனா, ஏன் செய்தாள், அந்த எண்ணை நம்பி யாருக்காவது மருந்து போகுமா, அவள் தானே போய்ச் சொல்ல ஒரு நாள் கொடுக்கலாமா, கொடுத்தும் சொல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று போக வேண்டும். கடைசியில் ஒரு முடிவும் சொல்லியாக வேண்டும், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவினால் எரிச்சல்தான் வரும்.

மருத்துவ அறத்தின் நாலு கொள்கைகளை எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். கேட்டுக் கேட்டு நேர்காணல் செய்கிறவர்களுக்கே அலுத்திருக்கும். அதைவிட நாலு உண்மைச் சம்பவமும் சட்டமும் தெரிந்திருப்பது மேல். அலபாமாவின் டஸ்கீகியில் 1932இலிருந்து 1972 வரை சிபிலிஸ் வந்த கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்த ஆய்வு. அரசு மருத்துவக் காப்பீடுகளில் மெடிகேர் முக்கியமாக 65 வயது நிறைந்தவர்களுக்கு, மெடிகெய்ட் வருமானம் குறைந்தவர்களுக்கு, இரண்டும் 1965இல் வந்தவை. காசு இருக்கிறதா என்று பார்க்காமல் அவசரப் பிரிவில் பரிசோதித்து நிலைப்படுத்தியே ஆக வேண்டும் என்ற 1986 சட்டம். இவ்வளவு போதும். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு மெடிகேர் மெடிகெய்ட் வித்தியாசம் தெரியாது என்பது எனக்கே ஆச்சரியம்.

இரண்டு கேள்வி நிச்சயம் வரும். ஒன்று, பதினேழு வயதில் எப்படி இவ்வளவு உறுதி, நாலு வருடம் கழித்து முடிவு செய்தால் என்ன? இதற்கு “சின்ன வயதிலிருந்தே” என்று ஆரம்பிக்கவே கூடாது. மாறிவிடுவேனோ என்ற சந்தேகம் அவளுக்கு இருந்தால் அதையும் சொல்லட்டும், சந்தேகமே இல்லாத பதினேழு வயதை யார் நம்புவார்கள்? இன்னொன்று, ஏன் எங்கள் படிப்பு? இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். ஒரு உதாரணம், ஆல்பனி மருத்துவக் கல்லூரி மூன்று கல்லூரிகளோடு கூட்டு வைத்திருந்தது. ரென்செலேரில் ஆராய்ச்சிக்கு முக்கியத்துவம், ஏழு வருடம். யூனியனில் எட்டு வருடம், கூடவே நிர்வாகப் படிப்பு. சியனாவில் தொண்டும் மானுடப் பாடங்களும். மருத்துவக் கல்லூரி ஒன்றுதான், ஆனால் மூன்றுக்கும் ஒரே பதிலைச் சொன்னால் மூன்றையும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். “எம்கேட் எழுத வேண்டாம்” என்பது உண்மைக் காரணமாகவே இருந்தாலும் அதை முதலில் சொல்ல வேண்டாம்.

அவள் திருப்பிக் கேட்க ஒன்றிரண்டு கேள்வி வேண்டும். கல்லூரியில் ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, எவ்வளவு வைத்திருக்க வேண்டும் (பல இடங்களில் 3.5ஐ ஒட்டி இருக்கும்), ஒரு பருவம் சறுக்கினால் இடம் போய்விடுமா, அப்படிச் சறுக்கியவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்று கேட்டால் அது வெறும் மரியாதைக் கேள்வியாக இருக்காது. உண்மையிலேயே உங்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் அது.

ஜூமில் என்றால் கேமரா கண் உயரத்தில் இருக்கட்டும், எங்கள் வீட்டில் எஸ்.ஏ.டி. புத்தகங்கள் நாலை அடுக்கி அதன்மேல் லேப்டாப் வைத்தோம், அவற்றுக்கு அதுதான் கடைசிப் பயன். அன்று குக்கர் வைக்காதீர்கள். ஒத்திகையின்போது மூன்று விசில், மூன்றுக்கும் பையன் பேச்சை நிறுத்தினான். நேரில் என்றால் முந்தின நாளே போய்விடுங்கள், ஜனவரி பிப்ரவரிப் பனியை நம்ப முடியாது. காத்திருக்கும் அறையில் பேசவருகிற மூத்த மாணவர்களிடம் உங்கள் கேள்விகளை எல்லாம் நீங்களே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நான் ஒரு அப்பாவைப் பார்த்தேன், அவர் மகள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்து வெளியே வந்ததும் காரில் “என்ன கேட்டாங்க, நீ என்ன சொன்ன” என்று ஆரம்பிக்க வேண்டாம். நான் வாயைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன், நாற்பது மைல் தாண்டியதும் அவனாகவே பேனா கதையைச் சொன்னான். ஏப்ரலில் கடிதம் வரும், மே 1க்குள் முடிவு சொல்ல வேண்டும். கிடைக்காவிட்டால் வழக்கமான நாலும் நாலும் அப்படியே திறந்திருக்கிறது, பெரும்பாலான டாக்டர்கள் வந்த வழி அதுதான். எங்களுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. அத்தைக்கு போன் போட்டுச் சொன்னோம். “எட்டு வருஷமா?” என்று கேட்டுவிட்டு, அதுவரைக்கும் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்றார்.