ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர்?

கேள்வி:

எங்களுக்குப் பல்லடம் பக்கம். கோழிப்பண்ணையும் கொஞ்சம் தென்னந்தோப்பும் இருக்கிறது. ஒரே மகன், பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறான். கார்த்திகை வந்தால் பதினெட்டு. நல்ல மார்க் எடுத்தால் கேட்ட காரை வாங்கித் தருகிறேன் என்று அவன் அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது டர்போ என்ஜின் வைத்த பெரிய கார் ஒன்றைப் புக் செய்துவிட்டார். ஏழு விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்குமாம். என் நட்சத்திரம்தான் பொருந்துகிறது என்று ஜோசியர் சொன்னதால் என் பேரிலேயே எடுக்கிறோம். அடுத்த மாதம் வளர்பிறையில் டெலிவரி. மகன் நன்றாகவே ஓட்டுவான். இரண்டு வருடமாகப் பழைய காரில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறான். இது ஐந்து நட்சத்திரம் வாங்கிய கார், ஆறு ஏர்பேக் வேறு. ஆனாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "பங்காளி பசங்கெல்லாம் ஓட்டறாங்க, நீ சும்மா இரு" என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா? மனசுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லுங்கள்.

— பெயர் வேண்டாம், பல்லடம் வட்டம்

பதில்:

ஆறுதல் என்னிடம் இல்லை அம்மணி. இதே கடிதத்தை ஊரையும் காரின் நிறத்தையும் மட்டும் மாற்றி வருடா வருடம் யாராவது எனக்கு எழுதுகிறார்கள். ரிசல்ட் வந்த கையோடு வரும்.

ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. "என் பேரிலேயே எடுக்கிறோம்." அதைத் தவிர உங்கள் கடிதம் முழுக்க அவர் வாக்குக் கொடுத்தார், ஜோசியர் சொன்னார், மகன் ஓட்டுவான். காருக்குச் சொந்தக்காரி மட்டும் சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு தூக்கம் வரவில்லை என்கிறார்.

உங்கள் பேரில் வண்டி என்றால் என்ன அர்த்தம் என்று ஜோசியர் சொல்லியிருக்க மாட்டார். நான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதினெட்டு முடியாத பிள்ளை வண்டியில் குற்றம் செய்தால், பாதுகாவலரும் வண்டியின் உரிமையாளரும் குற்றவாளிகளாகக் கருதப்படுவார்கள். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் நடந்தது, நான் தடுக்கத்தான் பார்த்தேன் என்று நிரூபித்தால் தப்பலாம். நீங்கள் அதைச் சொல்ல முடியாது. இரண்டு வருடமாக ஓட்டுகிறான் என்று கைப்பட எழுதி எனக்கே அனுப்பியிருக்கிறீர்கள்!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பார் உங்கள் வீட்டுக்காரர். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினால் உங்கள் காருக்கு ஒரு பைசா வராது. அடிபட்டவர்களுக்குக் கம்பெனி பணம் கட்டினாலும், அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று கோர்ட் உத்தரவு போடுவது உண்டு. சில வருடங்களுக்கு முன் அவிநாசி போகிற பஸ்ஸில் ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாய்தாவுக்குப் போய்விட்டுத் திரும்புகிறாள். மகன் ஓட்டிய கார், ஆர்.சி. அவள் பேரில். கோர்ட் வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சுதானாம். அதில் ஒரு ஓரத்தில் இவள், இன்னொரு ஓரத்தில் செத்தவனின் மனைவி. "அந்தப் பொண்ணு ஒரு நாளைக்குக்கூட என்னைத் திட்டலைங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

நீங்கள் உங்கள் மகனுக்காகப் பயப்படுகிறீர்கள். எதிரே வருகிறவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் அரை வரிகூட இல்லை. பல்லடம் ரோட்டில் விடியற்காலையில் யார் போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? நைட் ஷிப்ட் முடிந்து பனியன் கம்பெனியிலிருந்து வருகிற பெண்கள், மொபெட்டில் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறவர், சைக்கிளில் தறிக்குப் போகிறவர். அவர்களும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான். பிள்ளை வளர்ப்பது என்றால் அவனால் அடுத்த வீட்டில் எழவு விழாமல் வளர்ப்பதும் சேர்த்திதான் என்று நினைக்கிற பழைய காலத்து ஆள் நான்.

2024 மே மாதம் புனேயில் நடந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். பதினேழு வயதுப் பையன் ஓட்டியதாகச் சொல்லப்படும் போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். இருவருக்கும் 24 வயது. பையனை 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீனில் விட்டதைத்தான் ஊரெல்லாம் பேசியது. நான் மறக்காதது வேறொன்று. அப்பா கைதானார், தாத்தா கைதானார், கடைசியில் அம்மாவும் கைதானார். பையன் குடித்திருந்தானா என்று பார்க்கிற சோதனைக்கு, மகனின் ரத்தத்துக்குப் பதிலாகத் தன் ரத்தத்தைக் கொடுத்தார் என்பது அந்த அம்மாவின் மீதான குற்றச்சாட்டு. உண்மையா பொய்யா என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். அப்படி ஒரு ராத்திரி உங்கள் வீட்டுக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் என் கேள்வி. "சும்மா இரு" என்றதும் சும்மா இருக்கிறவர், "கையை நீட்டு" என்றால் நீட்டிவிடுவார்.

உங்கள் வீட்டில் இரண்டு வகை நட்சத்திரம் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று உங்களுடையது, இன்னொன்று காருடையது. அந்த ஐந்து நட்சத்திரம் தருவதற்கு முன்னால் காரை நேருக்கு நேர் மோதவிட்டுப் பார்ப்பது மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் அடி நான்கு மடங்கு. நூறில் போகிற கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடும், அதாவது இரண்டரை பஸ் நீளம். குறுக்கே வந்த நாயைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு விநாடி முடிந்திருக்கும். பழகின டிரைவருக்கே இந்தக் கணக்கு. அந்த வயதுப் பையனுக்கு, நிதானம் பார்க்கிற மூளைப் பகுதி முழுதாக வளரவே இருபது வயதைத் தாண்டி இன்னும் சில வருடம் ஆகும். பின் சீட்டில் நாலு சிநேகிதர்கள் ஏறிவிட்டால் இருக்கிற நிதானமும் போய்விடும். 2025 அக்டோபரில் கோவையில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்ட்வின்ஸ் வரை பத்து கிலோமீட்டர், நடுவில் ஒரு சிக்னல் கிடையாது. ராத்திரி பதினொரு மணிக்கு அதன் மேல் "எவ்வளவு போகுதுன்னு பாரு மச்சான்" என்று ஒருவன் சொன்னால் போதும்.

கார்த்திகை வந்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். பதினெட்டு முடிந்தால் சட்டம் விலகிக்கொள்ளும், என்ஜின் அதேதான். நம் நாட்டு லைசென்ஸுக்குச் சின்னக் காரும் ஒன்றுதான், முந்நூறு குதிரைத்திறன் காரும் ஒன்றுதான். இத்தாலியிலும் ஆஸ்திரேலியாவின் சில மாநிலங்களிலும், புதிதாக லைசென்ஸ் வாங்கியவர் இத்தனை சக்திக்கு மேல் உள்ள காரை ஓட்டக் கூடாது என்று சட்டமே உண்டு. இங்கே அந்தச் சட்டத்தை வீட்டுக்காரர்கள்தான் போட வேண்டும். உங்கள் வீட்டில், ஆர்.சி. யார் பேரிலோ அவர்.

புது வண்டியைப் பதிவு செய்ய ஆர்.டி.ஓ.வுக்குப் போகும் விண்ணப்பம் படிவம் 20. அதில் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். புக்கிங் பணம் போனால் போகட்டும், ஒரு பேட்ச் கோழியில் நஷ்டம் வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகைக்குப் பிறகு அவன் எல்.எல்.ஆர். எடுக்கட்டும். டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேரட்டும்; தோட்டத்து ரோட்டில் பழகியது பழக்கமே இல்லை. லைசென்ஸ் வந்த பிறகு, டர்போ இல்லாத ஒரு சின்னக் காரை ஒரு வருடம் பகலில் மட்டும் ஓட்டட்டும், பக்கத்து சீட்டில் அவன் அப்பா. கூட்டாளிகளை ஏற்றக் கூடாது. உங்கள் மாமனார் காலத்தில் இளங்காளையை எடுத்த எடுப்பில் ரேக்ளாவில் பூட்டினார்களா, பழகின மாட்டோடு சோடி சேர்த்து ஏரில் நடக்கவிட்டார்களா என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேகம்தான் வேண்டும் என்று பையன் அடம்பிடித்தால், செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற கார் பந்தயத் தடம் இருக்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் நம் கோவைக்காரர்தான். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு டிராக்கில் ஓட்டட்டும். அங்கே எதிரே கீரைக்கட்டு வராது.

வீட்டுக்காரர் சத்தம் போடுவார். போடட்டும். "எனக்குத்தான் பொருத்தம்னு ஜோசியர் சொன்னாருங்களே, அதனால முடிவும் நானே பண்றேன்" என்று சொல்லிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பழைய காரின் சாவியை இன்றைக்கே எடுத்து உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நாளைக் காலையில் சொசைட்டிக்குப் பால் எதில் போனது, யார் கொண்டுபோனார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.