கூடாரத் தளத்தில் யாருக்கு இடம்?

வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறைக்கு முன்பதிவு செய்யும் காலம் இது. பிரித்தானியாவின் தனியார் கூடாரத் தளங்கள் வயதைப் பற்றியும் விருந்தினர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியும் விதிக்கும் கட்டுப்பாடுகள் குறித்துப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இம்முறை அவற்றை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். கீழே சொல்லப்படும் சமத்துவச் சட்டம் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகியவற்றுக்கு உரியது. வட அயர்லாந்துக்கு அது பொருந்தாது. அங்கே சேவைகளில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே இல்லை.

கேள்வி: டெவன் கடற்கரையை ஒட்டிய ஒரு தளத்தில் நான்கு நாட்களுக்கு இடம் கேட்டோம். எங்கள் பிள்ளைகளுக்கு 7 வயதும் 4 வயதும் என்று சொன்னவுடன், இது பெரியவர்களுக்கு மட்டுமான தளம் என்று கூறி மறுத்துவிட்டார்கள். பிள்ளைகள் இருப்பதைக் காரணம் காட்டி ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்புவதைச் சட்டம் அனுமதிக்கிறதா?
– வாசகி, ஹாரோ

பதில்: அனுமதிக்கிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில், பொதுமக்களுக்குச் சேவை வழங்குவோர் வயதைக் காரணமாக வைத்து ஒருவரை மறுக்கக் கூடாது என்ற பகுதி 2012 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தப் பாதுகாப்பு 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே உரியது. எனவே சிறுவர்களை வயதின் பேரில் மறுக்கும் தளம் சட்டத்தை மீறவில்லை. நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய தளங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதியர் கேரவனோடு வந்து அமைதியாகத் தங்கும் சிறிய இடங்கள் அவை. சிலவற்றில் மீன்பிடிக்கும் குளம் வேலியின்றித் திறந்து கிடக்கும்.

இரண்டு விதிவிலக்குகளைக் கவனத்தில் வையுங்கள். பிள்ளைகளுக்கு வயதுப் பாதுகாப்பு இல்லை என்றாலும் இனம், மதம், உடற்குறை ஆகியவை தொடர்பான பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு. பிள்ளைகளோடு வந்த வேறொரு குடும்பத்தை அதே வாரத்தில் ஏற்றுக்கொண்டு உங்களை மட்டும் மறுத்திருந்தால், வயது விதி என்பது வெறும் போர்வைதான். அது வேறு வழக்கு. அடுத்து, சில தளங்கள் பெரியவர் என்பதற்கு 18 அல்ல, 21 என்று எல்லை வைத்திருக்கின்றன. அங்கே 18 முதல் 20 வயது வரை உள்ளவர்கள் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வருவதால், அவர்களை ஏன் விலக்குகிறோம் என்பதற்கு உரிமையாளர் நியாயம் காட்ட வேண்டியிருக்கும்.

இத்தகைய தளத்தில் நீங்கள் இருவர் மட்டும் தங்கி, பிள்ளைகளைப் பகலில் பார்வையாளராக அழைத்து வரலாம் என்றும் எண்ண வேண்டாம். பெரும்பாலான தளங்களில் தடை வாசலிலிருந்தே தொடங்குகிறது.

கேள்வி: நாங்கள் ஆறு நண்பர்கள், பல்கலைக்கழக மாணவர்கள், 19 முதல் 21 வயது வரை. பீக் மாவட்டத்தில் மலையேறுவதற்காக ஒரு பண்ணைத் தளத்தை அழைத்தபோது, 25 வயதுக்குட்பட்ட குழுக்களை ஏற்பதில்லை, குடும்பங்களுக்கும் தம்பதியருக்கும் மட்டுமே இடம் என்றார்கள். நாங்கள் எந்தத் தவறும் செய்வதற்கு முன்பே எங்களைத் தவறு செய்பவர்களாகக் கருதுவது எப்படி நியாயமாகும்?
– வாசகர், லெஸ்டர்

பதில்: உங்கள் ஆறு பேருக்கும் 18 வயது நிரம்பிவிட்டதால், மேலே சொன்ன சட்டம் இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது, ஆனால் முழுமையாக அல்ல. நேரடிப் பாகுபாட்டைப் பொறுத்தவரை இனம், பால், மதம் ஆகியவற்றில் எந்தக் காரணம் சொன்னாலும் தப்ப முடியாது. வயது விஷயத்தில் மட்டும், ஒரு நியாயமான நோக்கம் இருந்து, அதற்கு மிகையாகாத வழியையே கைக்கொண்டோம் என்று காட்டினால் தப்பலாம். ஆகவே கேள்வி, விதி இருக்கிறதா என்பதல்ல; அந்த விதி தேவைப்படும் அளவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்றா என்பதே.

உரிமையாளரின் நோக்கத்தைக் குறை சொல்ல இயலாது. கூடாரத்துக்குச் சுவர் கிடையாது. பத்து மீட்டர் தள்ளி ஒருவர் சாதாரணக் குரலில் பேசினாலே உள்ளே படுத்திருக்கும் குழந்தைக்குக் கேட்கும். நள்ளிரவில் கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கும் ஓசைகூட அடுத்தவரை எழுப்பிவிடும். போதாக்குறைக்கு, பண்ணை வீடு அந்த வயலின் ஓரத்திலேயே இருக்கும். இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல் நில உரிமையாளர்கள் தனித் திட்ட அனுமதி பெறாமலேயே ஆண்டுக்கு 60 நாட்கள், 50 இடங்கள் வரை தற்காலிகக் கூடாரத் தளம் நடத்தலாம் என்று ஆனபின், விடுதி நடத்திப் பழக்கமில்லாத விவசாயக் குடும்பங்கள் பலவும் இத்தொழிலுக்கு வந்திருக்கின்றன. இரவில் குடித்துவிட்டு ஆர்ப்பாட்டம் செய்யும் இளைஞர் கூட்டத்தைத் தட்டிக்கேட்க அந்த வீட்டில் இருப்பது கணவனும் மனைவியுமாக இரண்டே பேர்.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும், 25 வயதுக்குட்பட்டவர்களை ஒட்டுமொத்தமாகத் தடுப்பது சோம்பேறித்தனமான விதி என்பதே என் கருத்து. திருப்பித் தரத்தக்க ஒரு முற்பணம், ஒரு குழுவில் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு, குடும்பங்களிலிருந்து தள்ளி ஒரு தனி வயல், இரவு அமைதி நேரத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துவது என எத்தனையோ மாற்று வழிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றையும் முயன்று பாராத உரிமையாளர், தம் தடை மிகையானதல்ல என்று நீதிமன்றத்தை நம்பவைப்பது எளிதாக இராது. நாற்பது வயதுக்காரர்கள் ஒலிபெருக்கியோடு வந்து விடிய விடியப் பாடிய கதைகளை எந்தத் தளப் பொறுப்பாளரிடம் கேட்டாலும் சொல்வார்.

நீங்கள் அறுவரும் ஆண்களா என்பதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. ஆண்கள் குழுவை மட்டும் மறுத்து, அதே வயதுப் பெண்கள் குழுவை ஏற்றுக்கொள்ளும் தளமாக இருந்தால், அது பால் அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு. அதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. ஒரே பாலினக் குழு எதுவாயினும் மறுப்போம் என்ற விதியில் வாதாடுவது கடினம். தம்பதியருக்கு மட்டும் என்ற வாசகத்திலும் ஒரு வரம்பு உண்டு. திருமணமான தம்பதியருக்கு மட்டுமே இரட்டைக் கட்டில் அறை என்று சொல்லி ஒருபால் இணையரை மறுத்த கார்ன்வால் விருந்தினர் விடுதி வழக்கில், அது சட்டவிரோதம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கூடாரத் தளத்துக்கும் அதே அளவுகோல்தான்.

செய்ய வேண்டியது இதுதான். மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் போதும். வழக்குத் தொடுப்பதானால் சம்பவம் நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள், சரியாகச் சொன்னால் அதற்கு ஒரு நாள் குறைவான காலத்துக்குள், மாவட்ட நீதிமன்றத்தை நாட வேண்டும். ஆனால் உங்கள் தேவை வழக்கு அல்ல, மலையேறுவது என்பதால், அடுத்த தளத்தை அழைக்கும்போது எத்தனை பேர், என்ன வயது, எந்தப் பாதையில் நடக்கப்போகிறீர்கள், இரவு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். நடைப்பயணிகளுக்கென்றே இயங்கும் எளிய தளங்கள் அந்தப் பகுதியில் நிறைய உண்டு. அங்கே விடியற்காலையில் எழுகிறவர்களே அதிகம் என்பதால் வயதைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 17 வயது. பரீட்சை முடிந்ததும் நண்பர்களோடு வேல்ஸில் கூடாரமிட விரும்புகிறான். 15 வயது மகளோ பள்ளி மூலம் எடின்பரோ கோமகன் விருதுக்கான பயணத்துக்குப் போகிறாள். மகளுக்குக் கிடைக்கும் இடம் மகனுக்குக் கிடைக்கவில்லை. இது என்ன கணக்கு?
– வாசகி, ஈஸ்ட் ஹாம்

பதில்: 17 வயதினர் கூடாரத்தில் தனியே தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. 18க்குக் கீழ் உள்ளவரோடு செய்த ஒப்பந்தத்தைப் பொதுவாக அவருக்கு எதிராக நிறைவேற்ற முடியாது என்பதால், சேதம் ஏற்பட்டால் யாரைக் கேட்பது என்ற அச்சத்தில் தளங்கள் மறுக்கின்றன. ஸ்காட்லாந்தில் 16 வயதிலேயே ஒப்பந்தத் தகுதி வந்துவிடுகிறது. ஆனாலும் அங்கேயும் 18 கேட்கும் தளங்களே மிகுதி.

மகளின் நிலை வேறு. 1956இல் தொடங்கிய அந்த விருதுத் திட்டத்தில் வெண்கல நிலைக்கு இரண்டு பகலும் ஓர் இரவும், வெள்ளி நிலைக்கு மூன்று பகலும் இரண்டு இரவுகளும் பிள்ளைகள் தாங்களே நடந்து, சமைத்து, கூடாரமிட வேண்டும். பெரியவர்கள் அருகிலேயே இல்லாவிட்டாலும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் எட்டும் தூரத்தில் இருப்பார். முன்பதிவும் பொறுப்பும் பள்ளியின் பேரில் இருக்கும். மகனுக்கு இடம் வேண்டுமானால் நீங்களோ அவன் நண்பரின் பெற்றோரோ பதிவு செய்து, அதே தளத்தில் இன்னொரு கூடாரத்தில் தங்குவதே நடைமுறையில் எடுபடும் வழி. வயதை மறைத்து உங்கள் பேரில் பதிவு செய்து அவர்களை மட்டும் அனுப்பாதீர்கள். வாசலில் அடையாள அட்டை கேட்டால் இரவோடு இரவாக ரயில் நிலையத்தில் நிற்பார்கள்.

கேள்வி: அக்கா, தம்பி குடும்பங்களும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அப்பாவுமாக நாங்கள் 19 பேர். சென்ற ஆண்டு ஒரு தளத்தில் நான்கு கூடாரங்களையும் நெருக்கமாக அடிக்க விடவில்லை. பகலில் பார்க்க வந்த மைத்துனர் குடும்பத்திடம் பணம் கேட்டார்கள். பானை கழுவியதற்கும் கண்டித்தார்கள். எங்களை மட்டும் இப்படி நடத்துகிறார்களோ என்று அம்மா வருந்தினார்.
– வாசகர், குரொய்டன்

பதில்: அம்மாவின் வருத்தம் புரிகிறது. விதி எல்லோருக்கும் ஒன்றுபோல் நடைமுறையாகிறதா என்பதைப் பார்த்தே அதற்கு விடை காண முடியும். நீங்கள் குறிப்பிட்ட மூன்றும் ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் இருப்பவை.

நெருக்கமாக அடிக்க விடாததற்குக் காரணம் தீ. கேரவன் தளங்களுக்கான அரசின் மாதிரி விதிகளில், தனித்தனிக் குடும்பங்கள் தங்கும் இரண்டு அலகுகளுக்கு இடையே 6 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று இருக்கிறது. பல தளங்கள் அதைக் கூடாரங்களுக்கும் கடைப்பிடிக்கின்றன. செயற்கை இழைத் துணியில் தீப்பிடித்தால் ஓடி வந்து அணைக்க அவகாசம் இராது. பார்வையாளர் கட்டணம் வாங்குவது கழிப்பறை, தண்ணீர், வாகன நிறுத்தம் ஆகியவற்றுக்காக. அதைவிட முக்கியமாக, உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது வரவேற்பகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். பார்வையாளர்கள் வந்ததும் பெயர் பதிந்து, இரவு அமைதி நேரத்துக்கு முன் கிளம்பிவிட வேண்டும்.

பானை விஷயத்தில் நான் தளப் பொறுப்பாளரின் கட்சி. 19 பேருக்குச் சோறு வடித்த பானையைக் குடிநீர்க் குழாயடியில் வைத்துத் தேய்த்தால், பருக்கைகளும் கறிக்கொழுப்பும் அந்தச் சிறு வடிகாலில் தேங்கிவிடும். வெயில் ஏறியதும் குளவி மொய்க்கும், இருட்டியதும் எலி வரும், அடுத்து வருகிறவர் அதே குழாயில் குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணீர் பிடிப்பார். பாத்திரம் கழுவுவதற்கென்று தனித் தொட்டி இருக்கும். மிச்சத்தை முதலில் வழித்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு அங்கே எடுத்துச் செல்லுங்கள். பெரிய அடுப்பில் சமைப்பதற்குத் தடை இல்லை. ஆனால் புல் கருகாதபடி கல்லின் மீதோ நிலைத்தாங்கியின் மீதோ வைக்கச் சொல்வார்கள்.

இதில் ஒன்றை மட்டும் விதி என்று எண்ணாமல் உயிர் என்று எண்ணுங்கள். குளிருக்காக, அணைந்துகொண்டிருக்கும் பார்பிக்யூவைக் கூடாரத்துக்குள்ளோ அதன் முன்கூடத்துக்குள்ளோ எடுத்துச் செல்லவே கூடாது. சாம்பல் பூத்துவிட்ட கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வெளியேறிக்கொண்டேயிருக்கும்; அதற்கு நிறமும் மணமும் இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். இந்நாட்டில் குடும்பங்கள் இப்படி இறந்திருக்கின்றன. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். குளிருக்குக் கணப்பு மூட்டுவது அவர்களுக்கு இயல்பாகத் தோன்றும்.

அடுத்த முறை 19 பேர் என்பதை முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று கூடாரங்களுக்கு மேல் ஒன்றாகப் பதிய விடாத தளங்கள் பல. அதை மறைக்கத் தனித்தனிப் பெயர்களில் பதிவது வாசலிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: இரவு பதினொன்றரை மணிக்குப் பாட்டுச் சத்தம் என்று சொல்லி எங்களை உடனே வெளியேறச் சொன்னார்கள். சத்தம் போட்டது என் தம்பியின் நண்பர்கள், நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம். மீதி மூன்று இரவுகளுக்கான பணமும் கிடைக்கவில்லை.
– வாசகர், மில்டன் கீன்ஸ்

பதில்: கூடாரத் தளத்தில் உங்களுக்கு இருப்பது வாடகைக் குடியிருப்பாளரின் உரிமை அல்ல, தங்குவதற்கான அனுமதி மட்டுமே. விதியைக் கடுமையாக மீறினால் உரிமையாளர் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். மூட்டை கட்டுவதற்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். யாராவது மது அருந்தியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, விடியும்வரை அமைதியாக இருக்கிறோம் என்று கேளுங்கள். போதையில் ஒருவரைச் சாலைக்கு அனுப்ப எந்தப் பொறுப்பாளரும் விரும்பமாட்டார். பதிவு செய்தவரே குழு முழுவதற்கும் பொறுப்பு என்று பெரும்பாலான நிபந்தனைகளில் எழுதியிருப்பதால், தூங்கிக்கொண்டிருந்தோம் என்ற வாதம் அதிகம் உதவாது.

பணத்தைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட தேதிக்கான தங்குமிடத்துக்கு 14 நாள் ரத்து உரிமை இல்லை. ஆயினும் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நுகர்வோர்மீது மிகையான சுமையை ஏற்றும் நிபந்தனை செல்லாது. நீங்கள் போன இடத்தை மறுநாளே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு உங்கள் பணத்தையும் முழுமையாக வைத்துக்கொள்வது அந்த வகையில் சேரலாம். முதல் எச்சரிக்கை தரப்பட்டதா, அமைதி நேரம் முன்பதிவின்போதே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்ததா என்பவற்றைக் குறிப்பிட்டு, பயன்படுத்தாத இரவுகளுக்கான தொகையைக் கேட்டு எழுதுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரையிலான கோரிக்கைகளைச் சிறுகோரிக்கை முறையில், வழக்கறிஞர் இல்லாமலே தொடரலாம். எச்சரிக்கை இல்லாமல் வெளியேற்றியிருந்தால் மட்டும் அந்தச் செலவுக்கு இறங்குங்கள்.