படுக்கையில் புரண்டால் தலைசுற்று: குளிசை மட்டும் போதுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 8 மாதமாக, படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே வீடு சுழல்கிறது என்கிறார். அரை நிமிடத்தில் அடங்கிவிடும், ஆனால் சத்தி வரும். பிரஷர், பித்தம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தலைசுற்றுக் குளிசை விடாமல் போடுகிறார். இப்போது கிணற்றடிக்குப் போகவே பயம். வேறு வழி உண்டா?
- வாசகி, முள்ளியவளை

பதில்: உண்டு தங்கச்சி. புரளும்போது மட்டும், அரை நிமிடம் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது பெரும்பாலும் உட்காதின் வேலை. அங்கே கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. அவை இடம் கழன்று சமநிலை பார்க்கும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலை திரும்பும்போதெல்லாம் துகள் உருண்டு, உள்ளிருக்கும் நீரும் அசைந்து, உடம்பே சுற்றுவதாக மூளைக்குச் செய்தி போகும். அந்தத் துகளைக் குளிசை அசைக்காது. சத்தியை அடக்க இரண்டு மூன்று நாள் உதவும், மாதக்கணக்கில் போட்டால் மந்தமும் தள்ளாட்டமும்தான் கூடும். டொக்டரிடம் சொல்லிக் குறையுங்கள்.

சரி, துகளைக் குழாயிலிருந்து எப்படி எடுப்பது? எப்ளி என்ற அமெரிக்க டொக்டர் 1992இல் வெளியிட்ட முறை இருக்கிறது. கட்டிலில் இருத்தி, தலையைச் சுற்று வரும் பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே மல்லாக்கப் படுக்கவைத்து, தலை கொஞ்சம் பின்னால் தொங்க விடுவார்கள். அப்போது சுற்றும், கண்மணி துடிக்கும், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடங்கியதும் தலையை மற்றப் பக்கம் திருப்பி, உடம்பையும் அதே பக்கம் உருட்டி, மூக்கு நிலத்தைப் பார்க்கும்படி வைத்து, பிறகு எழுப்பி இருத்துவார்கள். சில நிமிட வேலைதான், பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே போய்விடும். முதல் தடவை பழகியவர் கையால் செய்விப்பதே நல்லது. காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு அனுப்பும் துண்டை டொக்டரிடம் கேளுங்கள். கழுத்தில் ஷெல் துண்டு, பழைய காயம் ஏதும் இருந்தால், நம் பக்கத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதைத் தொடங்க முன்னமே சொல்லிவிடுங்கள்.

சுற்று அடங்காமல் நாட்கணக்கில் நீடித்து, பிறகு தள்ளாட்டம் மிஞ்சினால் அது வேறு, காது நரம்பு பாதிப்பாக இருக்கலாம். அதற்குப் பயிற்சிதான் மருந்து. நெருப்புப்பெட்டியை முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்து, அதன் எழுத்தில் கண்ணை வைத்தபடி தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டுவது, சுவரோரம் கால் சேர்த்து நிற்பது, அப்புறம் ஆள் துணையோடு வரம்பில் நடப்பது. செய்யும்போது லேசாகச் சுற்றத்தான் செய்யும், அதற்காக விடக்கூடாது, மூளை அப்படித்தான் பழகும். வாரக்கணக்கில் தினமும் செய்யவேண்டும். காது அடைப்பும் இரைச்சலும் சேர்ந்து வந்தால் கேட்கும் திறனைச் சோதியுங்கள். அப்படியானவர்களுக்குக் கருவாடு, ஊறுகாய் குறைக்கச் சொல்வார்கள்.

பேச்சுக் குழறல், பொருள் இரண்டாகத் தெரிதல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, நிற்கவே முடியாமை இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் 1990க்கு அழைத்து அம்புலன்சில் ஏற்றுங்கள்.

கிளினிக்குக்குப் போக முன்னம், சுற்று வரும்போது அம்மாவின் கண்ணைக் கிட்டவாக போனில் வீடியோ எடுத்து, போடும் குளிசைகளின் அட்டைகளையும் கொண்டுபோங்கள்.