நீமா யூஷிஜ்: அடி குறுகும், சீர் மாறாது

கேள்வி: பாரசீகப் புதுக்கவிதையின் தந்தை நீமா யூஷிஜ் என்கிறார்கள். அவர் கவிதை யாப்பில் அமைந்தது என்றும் படித்தேன். இரண்டும் எப்படிப் பொருந்தும்?

பதில்: யாப்பில்தான் அமைந்தது. ‘ஷேரெ நௌ’ என்ற பெயரைப் ‘புதுக்கவிதை’ என்று தமிழாக்குவதால் வரும் குழப்பம் இது. யாப்பே இல்லாத நம் புதுக்கவிதைக்கு அங்கே நெருக்கமானது, பின்னால் கவிஞர் அஹ்மத் ஷாம்லூ வளர்த்த ‘ஷேரெ ஸெபீத்’ (வெள்ளைக் கவிதை).

பாரசீக மரபுப் பா வடிவங்களான கஸலிலும் கஸீதாவிலும் எல்லா அடிக்கும் சீர் எண்ணிக்கை ஒன்றே. பொருள் முடிந்துவிட்டாலும் அடியை நிரப்பியாக வேண்டும். 1938-ல் எழுதிய ‘குக்னூஸ்’ கவிதை முதல் நீமா கைவிட்டது அந்த எண்ணிக்கையை மட்டுமே. நம் இணைக்குறள் ஆசிரியப்பாவில் நடு அடிகள் குறுகுவதை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கிவிடும்.

‘மீதராவத் மஹ்தாப்’ (நிலவு கசிகிறது) என்ற அவர் கவிதையை அலகிட்டுப் பாருங்கள். மீ-த-ரா-வத்: நீண்டது, குறுகியது, நீண்டது, நீண்டது. இது பாரசீக யாப்பில் ‘ஃபாஇலாத்துன்’ எனப்படும் சீர். மஹ்-தாப் அதன் குறைந்த வடிவம். முதல் ஐந்து அடிகளின் சீர்கள் 2, 2, 4, 2, 3. சீரின் முதலசை சில இடங்களில் குறுகும். மரபு யாப்பிலும் அது உண்டு.

புதிதாக அலகிடுபவர்கள் தடுமாறுவது மூன்றாம் அடியில். ‘நீஸ்த்’, ‘க்வாப்’ போன்ற சொற்களை ஒரே அசையாக எண்ணினால் கணக்கு உதைக்கும். நெடிலுக்குப் பின் ‘ன்’ அல்லாத ஒற்று வந்தால், அடியின் நடுவில் அது நீண்ட அசையும் குறுகிய அசையும் சேர்ந்தது. அடி இறுதியில் ஒன்றுதான்.

இன்னொன்று, பெரும்பாலான அடிகள் குறைந்த சீரில் முடிகின்றன. அப்படி முடித்தால்தான் அடி தனியாக நிற்கும். நீமாவைப் பின்பற்றிய பலர் இதைக் கவனிக்காமல் எழுத, அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி உரைநடைபோல நீண்டு ஓடின.

கேள்வி: இயைபை அவர் விட்டுவிட்டாரா?

பதில்: இல்லை. இயைபு பொருளின் மணி என்றார் அவர். ஒரு கருத்து முடியும்போது அந்த மணி அடிக்க வேண்டும். இதே கவிதையில் பத்தி இறுதிகளைப் பாருங்கள்: ‘தரம் மீஷிகனத்’, ‘ஸஃபரம் மீஷிகனத்’, ‘பரம் மீஷிகனத்’, ‘ஸரம் மீஷிகனத்’. முதலில் ஈரக் கண்ணில் தூக்கம் முறிகிறது. அடுத்து வழிப்பயணத்தின் முள் ஈரலில் முறிகிறது. பிறகு உயிரைக் கொடுத்து நட்டு நீரூற்றிய பூந்தண்டு. நான்காவதாக, திறக்க முயன்ற கதவும் சுவரும் தலைமேல் இடிகின்றன. நான்குக்கும் ஒரே வினை! தமிழாக்கும்போது கலைந்தது, தைத்தது, ஒடிந்தது, இடிந்தது என்று மாற்றிவிட்டால் வாக்கியம் அழகாக வரும், கவிதை போய்விடும். கொஞ்சம் முரடாக இருந்தாலும் ‘முறி’ என்பதையே நான்கு இடத்திலும் வைப்பதுதான் சரி.

கேள்வி: அகராதியை வைத்துக்கொண்டும் பல வரிகள் புரியவில்லையே?

பதில்: அவர் பிறந்த யூஷ் கிராமம் வட ஈரானின் மாஸந்தரானில் இருக்கிறது. அந்த வட்டாரச் சொற்களைத் தயங்காமல் கையாண்டார். ‘தார்வக்’ மரத்தவளை, அது கத்தினால் மழை வரும் என்பது அவ்வூர் நம்பிக்கை. இது தெரியாமல், காய்ந்த வயலில் நின்று ‘மழை எப்போது வரும்?’ என்று தார்வக்கைக் கேட்கும் வரியைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது.

சொல்வரிசையையும் முறுக்குவார். முதலில் வினையைத் தேடி, உரைநடையாகக் கொண்டுகூட்டிப் பாருங்கள். எளிய வினையையும் அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். ‘மீதராவத்’ என்பதை ‘நிலவு பொழிகிறது’ என்று பெயர்த்தால் தவறு. ‘கூஜாவில் உள்ளதே வெளியே கசியும்’ என்ற பாரசீகப் பழமொழியில் வருவது இதே வினை. மண்கலத்தின் புறத்தில் நீர் துளிர்ப்பதுபோல, அந்த இரவில் நிலவு கசிகிறது.